சகப் பயிற்றுநர் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? முதலில் பேச்சைக் குறைத்துப் பழகுங்கள்

எனக்குப் பைபோலார், அதாவது மனம் அதீத உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய். பல வருடமாக மருந்து சாப்பிடுகிறேன், இனியும் சாப்பிடுவேன். நாள்பட்ட மனநோய் உள்ளவர்களுக்கு, அதே மாதிரி நோயோடு வாழ்கிறவர்களே திறன் பயிற்சி நடத்தும் திட்டங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் சகப் பயிற்றுநராகக் குழு நடத்துவதற்கான பயிற்சியை முடித்து, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேறி, இப்போது குழு நடத்திக்கொண்டிருக்கிறேன். அடுத்த அணியில் சேரப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "என் கதையை எப்படிச் சொன்னால் பாஸ் ஆவேன்?" கதைக்கு மார்க் கொஞ்சம்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவரைச் செய்யவைக்க உங்களுக்குத் தெரிகிறதா என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் படித்தே எழுதிவிடலாம்.

திட்டத்துக்குத் திட்டம் பாடமும் தேர்வும் மாறும், அதனால் நான் சொல்வதை உங்கள் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மேரி எல்லன் கோப்லண்ட் 1997 வாக்கில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் சக நோயாளிகளோடு சேர்ந்து உருவாக்கிய 'ராப்' என்ற நலமீட்புச் செயல்திட்டத்தைப் படிக்கிறீர்கள் என்றால் அதன் பகுதிகளை வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும்: தன்னை நன்றாக வைத்திருக்க உதவும் உத்திகள், அன்றாடம் செய்ய வேண்டியவை, தூண்டிவிடும் விஷயங்கள், ஆரம்ப எச்சரிக்கை அறிகுறிகள், நிலைமை மோசமாகும்போது செய்ய வேண்டியது, நெருக்கடித் திட்டம், நெருக்கடி முடிந்த பிறகான திட்டம். இதில் ஆரம்ப எச்சரிக்கைக்கும் 'மோசமாகும்' கட்டத்துக்கும் உள்ள எல்லையைத்தான் பலர் குழப்பிக்கொள்வார்கள். முதலாவதில் மாற்றம் மெல்லியது, உள்ளுக்குள் தெரிவது, மற்றவர்கள் கவனிக்காமல்கூடப் போகலாம். இரண்டாவதில் ஆபத்து வெளிப்படையாகத் தெரியும், ஆனால் தனக்காகத் தானே ஏதாவது செய்யும் நிலையில் அந்த ஆள் இன்னும் இருக்கிறார். அதையும் தாண்டினால்தான் நெருக்கடித் திட்டம், அப்போது முடிவுகளை ஏற்கெனவே எழுதிவைத்தபடி மற்றவர்கள் எடுப்பார்கள். ஒரு ஆளின் கதையைக் கொடுத்து 'இவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்' என்று கேட்பது தேர்வு வைப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, தயாராக இருங்கள்.

ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் குழுவினர் உருவாக்கிய நாள்பட்ட நோய் சுயமேலாண்மைப் பயிற்சியின் வழியில் வந்த திட்டம் என்றால் அமைப்பு வேறு. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், எப்போதும் இரண்டு நடத்துநர்கள். பெஞ்சமின் ட்ரஸ்ஸும் மற்றவர்களும் இதையே தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு ஏற்ப மாற்றி, சகர்களே, அதாவது அதே மாதிரி நோயோடு வாழ்கிறவர்களே, நடத்தும் ஆறு அமர்வுத் திட்டமாகச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். உடல்நலத்தைப் போய் ஏன் மனநோய்த் திட்டத்தில் பேசுகிறார்கள் என்று கேட்டால், தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள், அதற்குப் பெரும் காரணம் இதயநோய், நீரிழிவு போன்ற உடல்நோய்கள்தான். இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள், எழுத்துத் தேர்வுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சமூகத் திறன் பயிற்சி என்று மனநல மருத்துவர் ராபர்ட் லிபர்மன் போன்றவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்த முறைதான் அடிப்படை. ஒரு திறனை எடுத்து அது எதற்கு என்று குழுவிடமே கேட்பது, சின்னச் சின்னப் படிகளாகப் பிரிப்பது, நடத்துநர் நடித்துக் காட்டுவது, உறுப்பினர் நடித்துப் பார்ப்பது, கருத்துச் சொல்வது, திரும்ப நடிக்கவைப்பது, வெளியே போய்ச் செய்துபார்க்க வீட்டுப்பாடம் கொடுப்பது. வாசித்தால் சுலபமாக இருக்கும். பத்து பேர் முன்னால் நின்றால் முதல் படியிலேயே நாம் பிரசங்கம் ஆரம்பித்துவிடுவோம்.

ஒரு எடுத்துக்காட்டு. 'மருந்தால் வரும் தொந்தரவை டாக்டரிடம் சொல்வது' என்பது தலைப்பு. பக்கவிளைவுகள் பற்றி நீங்கள் கால் மணி நேரம் பேசினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், மார்க் போயிற்று. அதற்குப் பதில், "டாக்டர் அறைக்குள் போனதும் சொல்ல நினைத்தது மறந்துபோகிறது, இல்லை, சொன்னால் கோபப்படுவாரோ என்று தோன்றுகிறது, இது யாருக்கெல்லாம் நடக்கிறது?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கை உயரும், ஒருத்தர் பேச ஆரம்பிப்பார். அவர் சொன்னதையே வைத்துப் படிகளைப் பலகையில் எழுதுங்கள்: என்ன தொந்தரவு என்று ஒரே வாக்கியத்தில் சொல்வது, எப்போது வருகிறது, அதனால் நாளில் எது கெடுகிறது, இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்பது, டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பது. ஐந்துக்கு மேல் படி வேண்டாம். நீங்கள் நோயாளியாகவும் இணை நடத்துநர் டாக்டராகவும் ஒரு நிமிடம் நடித்துக் காட்டுங்கள். அப்புறம் உடனே ஒரு உறுப்பினரை எழுப்புங்கள்.

அவர் நடித்து முடித்ததும் நீங்கள் வாயைத் திறந்து சொல்வதைத்தான் தேர்வாளர் உன்னிப்பாகக் கேட்பார். "சூப்பரா பண்ணீங்க" என்பது கருத்து இல்லை. "மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது என்று சொன்னீர்கள், அது டாக்டருக்குப் பயன்படும்" என்பது கருத்து. முதலில் அவர் செய்த நல்லது, பெயர் சொல்லிக் குறிப்பாக. பிறகு திருத்தம், ஒன்றே ஒன்று. மூன்று குறை கண்ணில் பட்டாலும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். திரும்ப நடித்ததும் அந்த ஒன்று மாறியிருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். இந்த இரண்டாவது முறை நடிக்கவைப்பதைத்தான் பாதிப்பேர் 'நேரமில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் தேர்வில் விழுகிற பலர் இங்கேதான் விழுகிறார்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. மனச்சிதைவு மாதிரியான நோய்களில் கவனமும் நினைவும் பாதிக்கப்படுவது நோயின் ஒரு பகுதியே, அதோடு மருந்தின் மந்தமும் சேரும். கேட்டது போய்விடும், செய்தது ஓரளவு தங்கும். இன்னொன்று, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் உட்கார்ந்திருப்பவரை 'ஆர்வமில்லை' என்று முடிவுகட்டாதீர்கள். முகபாவம் குறைவதும் பேச்சு சுருங்குவதும் எதிர்மறை அறிகுறிகள் என்ற தலைப்பில் உங்கள் பாடத்திலேயே இருக்கும். கேள்வி கேட்டுவிட்டு நாம் பழகியதைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்கப் பழகுவதுதான் எனக்கு இந்தப் படிப்பிலேயே கஷ்டமான பாடம், பைபோலார்காரனுக்கு வாய் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை!

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு நண்பரை வைத்து ஏதாவது ஒரு திறனை நடத்திப் பார்த்து, போனில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது உங்கள் குரல் எவ்வளவு நேரம் ஓடுகிறது, அவர் குரல் எவ்வளவு நேரம் என்று மட்டும் பாருங்கள். மற்ற எதையும் திருத்த வேண்டாம், அந்த விகிதம் மாறினாலே போதும்.

வீட்டுப்பாடம் கொடுப்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. லோரிக் வழித் திட்டங்களில் இதற்குச் செயல்திட்டம் என்று பெயர். அவருக்கே செய்ய ஆசையுள்ள ஒன்றாக இருக்க வேண்டும், என்ன, எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள் என்று தெளிவாக இருக்க வேண்டும். கடைசியில், "இதைச் செய்துமுடிப்பேன் என்று 0 முதல் 10 வரை எவ்வளவு நம்பிக்கை?" என்று கேட்க வேண்டும். 7க்குக் கீழே சொன்னால் "முயற்சி பண்ணுங்க, முடியும்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பக் கூடாது. திட்டத்தைச் சின்னதாக்க வேண்டும். தினமும் நடப்பேன் என்றவர் வாரம் மூன்று நாள் பத்து நிமிடம் என்று இறங்கி வந்து 8 சொல்கிறார் என்றால் அதுதான் நல்ல திட்டம். இதற்குப் பின்னால் இருப்பது உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் எழுதிய தன்திறன் நம்பிக்கைக் கோட்பாடு: செய்து ஜெயித்த அனுபவம்தான் 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு வலுவான ஆதாரம், அடுத்தது தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. சகர் ஏன் பயிற்றுநராக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த இரண்டாவது காரணத்தை எழுதினால் பதில் நிற்கும்.

உங்கள் கதையைச் சொல்லவே கூடாதா என்றால், சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள், அன்றைய திறனோடு ஒட்டியதாக, முடிவில் பேச்சு குழுவிடம் திரும்பும்படியாக. தற்கொலை முயற்சி செய்த முறையை விவரிக்காதீர்கள், மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லி 'எனக்கு இதுதான் கேட்டது' என்று சொல்லாதீர்கள். இன்னும் ஆறாத விஷயத்தைக் குழுவில் எடுக்காதீர்கள், சொல்லும்போது உங்களுக்கே குரல் நடுங்கினால் அது அன்று உங்களுக்கு உதவி தேவைப்படும் விஷயம், பாடம் நடத்த உதவாது. எங்கள் அணியில் ஒருவர் செய்முறைத் தேர்வில் தன் ஆஸ்பத்திரி அனுபவத்தை அவ்வளவு அழகாகச் சொன்னார், அறையே கண்கலங்கியது. ஆனால் நேரம் முடியும்வரை ஒருவர்கூட எதையும் செய்துபார்க்கவில்லை. அவர் தேறவில்லை. அப்போது அநியாயம் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம், இப்போது குழு நடத்தும்போது அந்த முடிவு சரி என்றுதான் படுகிறது.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. வரலாறு கேட்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸுக்கு அருகே பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகள் பகுதியைக் கவனித்த புஸ்ஸின் என்பவர், குணமான நோயாளிகளையே ஊழியர்களாக வைத்துக்கொண்டார், அவரும் ஒரு காலத்தில் அங்கே காசநோய் வகைக் கழலைக்குச் சிகிச்சைக்கு வந்தவர்தான். பிறருக்கு உதவுபவருக்கே பலன் கிடைக்கிறது என்பதை ஃப்ராங்க் ரீஸ்மன் 1965இல் கோட்பாடாக எழுதினார். ஆய்வு முடிவு கேட்டால் மிகைப்படுத்த வேண்டாம். ராப் பற்றி ஜூடித் குக் குழுவினர் 519 பேரை வைத்துச் செய்த சோதனை 2012இல் வந்தது, அறிகுறிகள் குறைந்ததும் நம்பிக்கை கூடியதும் அதில் தெரிந்தது. அதே சமயம் 2013இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு 11 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, சகர்கள் தரும் சேவை மற்ற பணியாளர்கள் தருவதைவிடப் பெரிதாக மேலுமில்லை கீழுமில்லை என்றது. 2014இல் லாயிட்-எவான்ஸ் குழுவினரின் தொகுப்பாய்வும் மருத்துவமனைச் சேர்க்கை குறைவதற்குச் சான்று போதவில்லை, நம்பிக்கை, மீட்சி உணர்வு போன்றவற்றில் ஓரளவு பலன் தெரிகிறது என்றது. இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். 'சகப் பயிற்சி எல்லாவற்றையும் மாற்றிவிடும்' என்று எழுதும் பேப்பரைவிட இதற்கு மதிப்பு அதிகம், உண்மையும் இதுதான்.

சூழ்நிலைக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருவது மூன்று. ஒருவர் மருந்தை நிறுத்தப்போவதாகச் சொல்கிறார்: நிறுத்து என்றோ நிறுத்தாதே என்றோ நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது, என்ன தொந்தரவு என்று கேட்டு, திடீரென்று நிறுத்துவதில் ஆபத்து இருக்கிறது என்ற தகவலைச் சொல்லி, டாக்டரிடம் பேசுவதை அங்கேயே ஒத்திகை பார்க்கவைக்க வேண்டும். ஒருவர் கடன் கேட்கிறார்: கொடுக்கக் கூடாது, மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது கனமானது. "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய், அப்புறம் ஒன்று சொல்கிறேன்" என்கிறார். சத்தியம் செய்யக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் அமர்விலேயே குழுவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்க வேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியாக விடாமல், திட்டத்தில் குறித்திருக்கும் ஆளை அழைக்க வேண்டும். இதை வரிசை மாறாமல் எழுதப் பழகுங்கள்.

படிக்கும் விதத்தைப் பற்றி ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். ராத்திரி கண்விழித்துப் படிக்காதீர்கள். பைபோலார் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே மேனியாவை, அதாவது அந்த அதீத உற்சாக நிலையைக் கிளப்பிவிடக்கூடியது, தேர்வுக்காக நோயை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். மருந்தின் மந்தம் குறைந்திருக்கும் நேரம் எது என்று பார்த்து, அந்த நேரத்தில் அரைமணி படித்து எழுந்துவிடுங்கள். கூடுதல் நேரம், தனி அறை, கேள்வியை வாசித்துக் காட்டுவது மாதிரியான சலுகைகள் உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், மனநோய் உள்ளவர்களுக்காக நடத்தும் தேர்வில் இதைக் கேட்கத் தயங்கினால் வேறு எங்கே கேட்பது? பயிற்சி நடுவில் உடம்பு சரியில்லாமல் போனால் எங்கிருந்து தொடரலாம் என்பதையும் சேரும்போதே கேட்டு வையுங்கள்.

தேறிய பிறகு வேலைக்குக் கூப்பிடுவார்கள். சம்பளமா, வெறும் போக்குவரத்துச் செலவா என்று கேளுங்கள். இணை நடத்துநர் உண்டா என்று கேளுங்கள், தனியாக நடத்தச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், ஒருவர் அழுதபடி வெளியே போனால் கூடப்போக ஒரு ஆளும் உள்ளே இருக்க ஒரு ஆளும் வேண்டும். மேற்பார்வை செய்வது யார் என்றும் கேளுங்கள். உங்களுக்கே சிகிச்சை பார்க்கும் டாக்டரோ கவுன்சிலரோதான் மேற்பார்வையாளர் என்றால் வேறு ஒருவரைப் போடச் சொல்லுங்கள். வேலையில் ஒரு நாள் சோர்ந்திருந்தால் அது நோயின் அறிகுறியாகக் குறிப்பேட்டில் ஏறிவிடும், நோய் கூடும்போது வேலை போய்விடுமோ என்று டாக்டரிடம் மறைக்கவும் ஆரம்பித்துவிடுவோம். வேறு ஆள் தர மறுத்தால் அந்த இடம் வேண்டாம், அடுத்த இடம் பாருங்கள்.