புரொப்பெல்லரில் சிக்கிய புடவை

லண்டனுக்கு மேற்கே, சவுத்தால் பக்கத்துக் கால்வாயில் படகில் குடியிருப்பவர்களிடம் தேங்காய் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். நடுராத்திரியில் படகின் இரும்புச் சுவரை யாரோ 'டொக் டொக்' என்று தட்டுவார்கள். கதவைத் திறந்தால் ஆள் இருக்காது. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால், குடுமியும் குங்குமப் பொட்டுமாக முழுத் தேங்காய் ஒன்று மிதந்துகொண்டிருக்கும். சில நாள் தட்டுவது வாத்து. படகின் அடியில் படிந்த பாசியைக் கொத்தித் தின்ன அவை விடியற்காலை நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். இப்போதெல்லாம் படுத்தபடியே, இது வாத்து, இது தேங்காய் என்று எங்களால் சொல்லிவிட முடியும்.

பூஜையில் வைத்த தேங்காயை ஓடும் தண்ணீரில் விட வேண்டும் என்பது அந்தப் பகுதி இந்துக் குடும்பங்களில் பலரின் வழக்கம். கங்கைக்கு எங்கே போவது? நடக்கிற தூரத்தில் கிராண்ட் யூனியன் கால்வாய் இருக்கிறது, விட்டுவிடுகிறார்கள். கால்வாய் ஓடாது என்பதுதான் சிக்கல். 1801இல் திறந்த அதன் பாடிங்டன் கிளையில், சவுத்தால் பக்கத்துப் புல்ஸ் பிரிட்ஜிலிருந்து லண்டனுக்குள் இருக்கும் லிட்டில் வெனிஸ் வரை ஒரு லாக்கூட, அதாவது படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கதவுத்தொட்டிகூட, கிடையாது. அதற்கப்பால் காம்டன் போய்த்தான் முதல் லாக் வரும். அதுவரை தண்ணீர் ஒரே மட்டத்தில் சும்மா நிற்கிறது. தேங்காய் கடலைச் சேர்ந்திருக்கும் என்று விட்டவர் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருப்பார். அது காற்றடித்த பக்கம் நாலு முழம் போய்விட்டு, எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கும்.

எங்கள் படகு வீட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். இங்கிலாந்தின் பழைய குறுகிய லாக்குகளில் நுழைய வேண்டுமானால் இதற்கு மேல் அகலம் கூடாது. நானும் மனைவியும் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி வழிவிட வேண்டும். கோபித்துக்கொண்டு வேறு அறைக்குப் போகும் வசதி இல்லாததால் சண்டைகள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாத படகு, 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. நாங்களும் நகர்கிறோம், பக்கத்து வீடும் நகர்கிறது. ஆனாலும் எங்கே போய்க் கட்டினாலும் மறுநாள் பின்னாலேயே வந்து சேரும் ஓர் ஆங்கிலேயத் தாத்தா இருக்கிறார். படகின் கூரையில் விறகு, நிலக்கரி மூட்டை, சைக்கிள், கால்வாயிலிருந்து வலைபோட்டு எடுத்துக் காயவைத்த தேங்காய்கள். குளிர்காலத்தில் கரியடுப்பில் போட்டு எரிப்பார். நன்றாக எரிகிறது என்கிறார். இதைத் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். "ஏன்டா, சாமிக்கு விட்ட தேங்காயைப் போய் அடுப்பில் போடலாமா?" என்று பதறியவள், ஒரு கணம் கழித்து, "சட்னியாவது அரைத்திருக்கலாமே" என்றாள். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு என்பதைச் சொன்ன பிறகே சமாதானமானாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சவுத்தால் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். வேகம் என்று சொல்வதற்கில்லை. மணிக்கு 4 மைல்தான் உச்ச வரம்பு, நாயோடு நடப்பவர்கள்கூடக் கையசைத்துவிட்டு முந்திப் போவார்கள். திடீரென்று எஞ்சின் முனகியது, கரும்புகை வந்தது, படகு நின்றேவிட்டது. புரொப்பெல்லரில் ஏதோ சுற்றிக்கொண்டது. இதற்கென்றே படகின் பின்பக்கம், எஞ்சினுக்கருகே மூடிபோட்ட துவாரம் ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மூடியைக் கழற்றி, குப்புறப் படுத்து, பனி போன்ற தண்ணீரில் தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நம் முதுகுக்குக் கீழ்ப்பகுதி மட்டுமே தெரியும்.

அந்தக் காட்சியைக் கண்டால் கரைப்பாதையில் போகிற ஒருவருக்கும் கால் நகராது. "என்ன, சிக்கிக்கொண்டதா?" என்றார் சைக்கிள்காரர். இல்லை, பொழுதுபோகாமல் படுத்திருக்கிறேன். ரொட்டி வெட்டும் கத்திதான் சரி என்றார் ஒருவர். ரம்பம்தான் சரி என்றார் தாத்தா. மூன்றாமவர், தன் படகிலும் ஒருமுறை இப்படித்தான் என்று தொடங்கி, எப்படியோ கழிப்பறைக்கு வந்துவிட்டார். படகுக்காரர்கள் மூன்று பேர் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். கழற்றிக் கையில் தூக்கிப் போய்க் கொட்டும் பெட்டி ஒரு கட்சி, தொட்டி நிறைந்ததும் காசு கொடுத்து உறிஞ்சவைப்பது ஒரு கட்சி, மரத்தூள் போட்டு உரமாக்குவது ஒரு கட்சி. காஞ்சிபுரத்து யானைக்கு எந்த நாமம் என்ற வழக்கைப்போல இதற்கும் தீர்ப்பு கிடையாது. தண்ணீருக்குள் என் விரல்கள் மரத்துக்கொண்டிருக்க, மேலே மரத்தூளின் மகிமை விவரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் கையில் துணி அகப்பட்டது. இழுத்தேன், வந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. தண்டில் கயிறாக முறுக்கேறிக் கிடந்த பகுதியைக் கத்தியால் அறுத்து எடுத்தேன். கரையில் கிடத்தியபோது சேற்றுக்குள்ளிருந்து மாம்பழ மஞ்சள் எட்டிப் பார்த்தது. அடுத்து ஜரிகைக் கரை, முந்தானை. கூட்டம் வாயடைத்துப் போய் என்னைப் பார்த்தது. இந்தியன் என்பதால் அதன் சொந்தக்காரரை எனக்குத் தெரிந்திருக்கும் என்று சிலர் நம்பியதாகவே படுகிறது. மனைவி இறங்கி வந்தாள். யாருடையதோ, என்னவோ என்றெல்லாம் கேட்கவில்லை. ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பட்டு இல்லை. ஆனால் சாயம் கெட்டி" என்றாள்.

தாத்தா அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் படகின் பித்தளைக் குமிழ்களை இனிமேல் முந்தானையால் துடைப்பாராம். நான் மூடியைத் திருகி, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தேன். சரியாக மூடாமல் எஞ்சினைப் போட்டால் படகுக்குள் தண்ணீர் ஏறி மூழ்கியே போகும்.

கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கரையில் ஓர் அம்மாள், கூடவே கல்லூரி வயதுப் பையன். அம்மாள் கையில் துணிப்பை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. "நல்ல வேளை, நம்மவராக இருக்கிறீர்கள்" என்று இந்தியில் தொடங்கினார். "கரையிலிருந்து போட்டால் புல்லில் சிக்கிக்கொள்கிறது. உங்களிடம் படகு இருக்கிறதே, கொஞ்சம் நடுவில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் அண்ணா." பைக்குள் தேங்காய் ஒன்றல்ல, மூன்று. ஒன்றில் சிவப்புத் துணி வேறு சுற்றியிருந்தது. துணியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடும்படி கேட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். புரொப்பெல்லரைப் பற்றி எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கப் பார்த்தேன். பையன் ஆங்கிலத்தில் புரிந்துகொண்டு துணியைக் கழற்றிக் கொடுத்தான்.

எஞ்சினைப் போட்டுக் கால்வாயின் நடுவுக்குப் போனேன். நடு என்றால் கரையிலிருந்து பெரிதாகத் தூரமில்லை. அம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பினார். ஒவ்வொன்றாக விட்டேன்.

அதற்குள் தாத்தா கைவலையை எடுத்துக்கொண்டு தன் படகின் முனையில் வந்து நின்றுவிட்டார். அம்மாள் கண்ணைத் திறப்பதற்குள் தாத்தாவை எப்படியாவது உள்ளே அனுப்பும்படி மனைவிக்குச் சைகை காட்டினேன். அவள் போய் அவருடைய கழிப்பறையைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டாள். தாத்தா வலையைக் கீழே வைத்துவிட்டார்.