முரசுமோட்டையிலிருந்து ஒரு கலவளர்ப்பு நாட்குறிப்பு

யூலை 6, முரசுமோட்டை

விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாலும் மனம் ஆய்வுகூடத்திலேயே நிற்கிறது. இன்று அங்கிருந்து தோழி நல்ல செய்தி அனுப்பினார். சுவாசப்பைப் புற்றுநோயாளர் ஒருவர், மூச்சுத்திணறலைக் குறைப்பதற்காகத் தம் சுவாசப்பையைச் சூழ்ந்து தேங்கியிருந்து வடிக்கப்பட்ட நீரை, புற்றுக்கலங்களை வளர்க்கும் எங்கள் ஆய்வுக்குத் தரச் சம்மதித்திருக்கிறார். பெரும்பாலும் கழிவாகிப்போகும் அந்நீரில் புற்றுக்கலங்கள் தனித்தும் சிறு கொத்துகளாகவும் மிதப்பதால், வெட்டியெடுத்த இழையத்தைப் போல நொதியமிட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. தோழி அந்நீரைச் சுழற்றிக் கலங்களைப் படியவைத்து, கழுவி, ஊட்டத் திரவமான ஊடகத்திலிட்டு, 37 பாகை செல்சியசிலும் 5 சதவீதக் காபனீரொட்சைட்டிலும் வைத்துவிட்டார்.

யூலை 9

கலங்கள் குடுவையின் அடியில் ஒட்டிவிட்டன. ஊடகம் மாற்றப்பட்டது.

யூலை 14

இன்றைய படம் கவலை தந்தது. பலகோண வடிவில் நெருங்கி நிற்கும் கொத்துகளுக்கிடையே, நீண்டு கூர்த்த பைபுரோபிளாஸ்ற்றுகள், அதாவது புற்றல்லாத தொடுப்பிழையக் கலங்கள், பரவத் தொடங்கிவிட்டன. வயலிலிருந்து வந்த சித்தப்பா படத்தைப் பார்த்து, "பயிரை முந்திக் களை வந்திட்டுது போல, பிள்ளை. என்ன மருந்தடிப்பியள்?" என்று கேட்டார். அப்படி ஒரு மருந்தை நம்பியிருப்பதில்லை என்றேன். கலங்களின் பிடியை விடுவிக்கும் திரிப்சின் என்ற நொதியத்தைச் சிறிது நேரம் மட்டும் இட்டால் பைபுரோபிளாஸ்ற்றுகள் முதலில் கழன்றுவிடும். அவற்றைக் கழுவி அகற்றலாம். ஊடகத்தில் வழமையாகச் சேர்க்கும் குருதிச் சீரம் அவற்றை ஊக்குவிப்பதால், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தில் அடி கஸ்டர், ஜோன் மின்னா ஆகியோரின் குழுவினர் சீரமற்ற ஊடகங்களில் இக்கலங்களை வளர்த்தனர்.

எனக்கு அதைவிடப் பெரிய அச்சம், அந்நீரிலேயே கலந்துவரும் மீசோதீலியக் கலங்கள், அதாவது சுவாசப்பையைச் சூழ்ந்த மென்சவ்வின் கலங்கள். அவை புற்றுக்கலங்களைப் போலவே பலகோணமாக வளர்வதால், நுணுக்குக்காட்டியை மட்டும் நம்பி முடிவு சொல்லவே கூடாது.

யூலை 20, கிளிநொச்சி

உயர்தர உயிரியல் மாணவர் சிலருடன் பேசினேன். 1972 இல் உருவாக்கப்பட்ட ஏ549 என்ற சுவாசப்பைப் புற்றுக் கலவழி (ஆய்வுகூடத்தில் தொடர்ந்து பெருகும் கலவரிசை) விலைக்கே கிடைக்கும்போது இத்தனை பாடு ஏன் என்று ஒருவர் கேட்டார். ஏ549 இல் இருப்பது கே.ராஸ் என்ற மரபணுவின் விகாரம் என்றேன்; பல தசாப்தங்களாகப் பிளாஸ்ரிக் குடுவைகளில் வளர்ந்து தேர்ந்துவந்த அக்கலங்கள், புகைக்கவே புகைக்காத ஒருவரின் ஈ.ஜி.எப்.ஆர். என்ற வேறொரு மரபணுவில் விகாரமுள்ள புற்று, மருந்துக்கு எவ்வாறு பணியாமற் போகிறது என்பதைக் காட்டமாட்டா.

"அந்த நோயாளிக்கு என்ன பயன், ரீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவருக்கு அநேகமாக எதுவும் கிடைக்காது என்று ஒளிக்காமற் சொன்னேன். வளர்ப்பு நிலைபெற மாதங்கள் செல்லும். நோய் அதுவரை காத்திருப்பதில்லை. தமக்குப் பயன் கிடைக்காத நோயாளரிடம் சம்மதம் கேட்பது அவசியம் என்பதைக் காட்ட, 1951 இல் ஹென்றியேற்றா லக்ஸ் என்ற அமெரிக்கப் புற்றுநோயாளரின் கலங்கள் அவரைக் கேளாமலே ஆய்வுக்கு எடுக்கப்பட்டதையும் விளக்கினேன். தெல்லிப்பளையிலும் மகரகமவிலும் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைகளுக்குப் பேருந்தேறிப் போகும் நம்மவர்களிடம் எவரேனும் இப்படிக் கேட்டால், மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதையே முதலில் சொல்ல வேண்டும்.

யூலை 27

சாயமிட்ட முடிவு வந்தது. பெரும்பாலான கலங்களின் கருவில், இவை சுவாசப்பைப் புற்றுக்கலங்கள் என்பதற்கு அடையாளமான ரி.ரி.எப்-1 புரதம் தெளிவாகத் தெரிகிறது; கல்ரெற்றினின் என்ற புரதத்தைக் காட்டும் மீசோதீலியக் கலங்கள் ஓரங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. மகிழ்ச்சியில் அம்மாவை எழுப்பிச் சொன்னேன். எனினும் இதை நிலையான கலவழி என்று இப்போதே அழைக்க முடியாது. ஒரு பகுதியை, உறையும்போது கலங்களைக் காக்கும் 10 சதவீத டைமெதில் சல்பொட்சைட்டில் நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் குளிர்வித்து, திரவ நைதரசனுக்கு மாற்றுவார்கள். டி.என்.ஏ. அடையாளம் நோயாளரின் குருதியுடன் ஒப்பிடப்படும். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பற்றீரியா ஊடகத்தைக் கலங்கச் செய்யாமலே தொற்றக்கூடியது. ஆகவே அதற்கான பரிசோதனையின் முடிவு வரும்வரை இக்குடுவை ஏனைய வளர்ப்புகளுடன் சேர்க்கப்படாது.