கதவு இடுக்கு: ஒரு 1965 எம்ஜிபியின் நாட்குறிப்பு

பிப்ரவரி 11, 2023

வண்டி வந்து இறங்கியது. 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரை திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு. அது பிறந்த ஊரான அபிங்டன், இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. 1962 முதல் 1980 வரை இந்த மாடலில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் இன்றைக்கும் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. வாங்கியதற்கு அதுதான் முதல் காரணம், அழகெல்லாம் அப்புறம்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 19

காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே ஓட்டிப் பார்த்தேன். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டவில்லை. உளியால் தட்டினால், தகட்டின் மேல் கனமாகப் பூசியிருந்த பட்டி பாளம் பாளமாகப் பெயர்கிறது. பட்டிக்குக் கீழே ஒரு தகடு, அதற்கும் கீழே விரல் பட்டாலே உதிரும் பழைய தகடு. முன்பு யாரோ அழுகியதை வெட்டி எடுக்காமல் மேலேயே புதுத் தகட்டை மூடி வெல்டு வைத்து, பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டார்கள். புண்ணுக்குப் புனுகு.

இந்த வண்டிக்குத் தனியாக சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். இரும்புக் கூரையும் இல்லை. கதவுக்கு அடியில் இருபுறமும் ஓடும் பெட்டி போன்ற ‘சில்’தான் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அது போனால் வண்டி நடுவில் தொய்யும். கதவைச் சுற்றியுள்ள இடுக்கு மேல்பக்கம் இறுகுவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வலது கதவு அங்கே உரசுகிறது.

மார்ச் 18

வெட்டுவதற்கு முன்னால் கதவைக் கழற்றி, கதவிருந்த திறப்புக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பூட்ட வேண்டும். அடியிலும் முட்டுக் கொடுத்து, இடுக்கை அளந்து எழுதி வைத்துக்கொண்டுதான் கிரைண்டரைத் தொட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால், தொய்ந்த கோணத்திலேயே புதுத் தகடும் நின்றுவிடும்.

சில் என்றால் ஒரே தகடு இல்லை. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு, அடியில் மடிப்பு மடிப்பாக ஒரு பட்டை. வெளித்தகடு முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் அடியில் நுழைந்து போகிறது. அதனால் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால், நன்றாக இருக்கும் மட்கார்டுகளின் கீழ்ப்பகுதியையும் வெட்டித்தான் ஆக வேண்டும். முந்தைய ஆள் ஏன் மூடிவிட்டார் என்று புரிகிறது. மன்னிக்கத்தான் மனம் வரவில்லை.

ஜூன் 4

வலது பக்கம் முடிந்தது. கதவை மாட்டினேன். மனைவி எட்டிப் பார்த்து, “என்னங்க, கதவு மூடுதா இல்லையா?” என்றாள். மூடியது. மேலிருந்து கீழே வரை இடுக்கு ஒரே அளவு. இத்தனை மாத வேலையில் வெளியே தெரிவது இந்த ஒரு கோடுதான். அவளையே மூன்று முறை திறந்து மூடச் சொன்னேன். முகத்தில் அடிப்பது போல் “சரி, சாப்பிட வாங்க” என்றாள்.

இடது பக்கம் பாக்கி.

அக்டோபர் 14

கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திலிருந்து சான்றிதழ் வந்தது. பழைய தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறார்கள். நிறம்: ஐரிஸ் ப்ளூ. டேஷ்போர்டுக்குப் பின்னால் சுரண்டிப் பார்த்தேன், வெளிர்நீலம்தான். சிவப்புக்கு விடை கொடுத்தாயிற்று.

மார்ச் 23, 2024

என்ஜின் பெரிதாகப் படுத்தவில்லை. 1798 சிசி, கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஐந்து மெயின் பேரிங். புது ரிங், புது பேரிங், கேஸ்கெட். பாடிக்கு ஆன செலவோடு பார்த்தால் இது சில்லறை.

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று ஓடி, கார்புரேட்டர்களின் மிதவை அறைகள் நிரம்பியதும் நின்றது. நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். செல்ஃப் அடித்தேன். பிடித்தது. ஆயில் பிரஷர் முள் ஜம்மென்று ஏறியது. சூடானதும் திணறி, அணைந்தது.

மார்ச் 30

இன்றைக்கும் அதே கதை. ஆறினால் ஓடுகிறது, சூடானால் சாகிறது. பெட்ரோலைச் சந்தேகப்பட்டு குழாய் முழுவதையும் கழற்றியது வீண். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரில் போட்ட புத்தம்புதுக் காண்டென்சர்தான் வில்லன். கழித்துப்போட்ட டப்பாவிலிருந்து பழையதைத் தேடி மாட்டினேன், ஓடுகிறது.

ஏப்ரல் 6

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களோடு ஒரு நாள் முழுக்க. இதற்காகவே இந்த வண்டி வாங்கலாம்.

ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டிலும் ‘உஸ்’ சத்தம் ஒன்றாக வரும்வரை திருக வேண்டும். அப்புறம் கலவை. அடியில் உள்ள நட்டை ஒரு பட்டை, அதாவது ஆறிலொரு சுற்று, இறக்கினால் பெட்ரோல் கூடும், ஏற்றினால் குறையும். பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசியைத் தள்ளினால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் மயிரிழை உயரும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி உடனே இறங்கினால் சரி. மாலையில் இரண்டும் லேசாக ஏறி இறங்கின.

மே 26

2018-லிருந்து நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் கொண்டுபோனேன், நம் வெல்டிங்கை இன்னொருவர் பார்ப்பது நல்லது. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் பாஸ் போட்டார்.

திரும்பும் வழியில், வேண்டுமென்றே குண்டும் குழியுமான பாதை. கதவு உரசவில்லை. போன் சார்ஜர் கேட்கிறாள் மனைவி. இது பாசிட்டிவ் எர்த் வண்டி, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கிறது, சும்மா செருகிவிட முடியாது என்று விளக்கிக்கொண்டே வந்தேன். ஹூட் என்கிற துணிக் கூரை இன்னும் தைத்து வரவில்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.