137 வந்தவுடன் லிமிட்டை ஏற்றாதீர்கள்

கண்டெய்னர் (தனியாகப் பிரித்து ஓட்டப்படும் புரோகிராம்) 137 என்ற எக்சிட் கோடோடு (முடியும்போது தரும் எண்) விழுந்தால், பலரும் உடனே மெமரி லிமிட்டை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள். 137 என்பது 128 கூட்டல் 9. சிக்கில் (SIGKILL, உடனே கொல்லும் 9-ஆம் எண்) சிக்னல் வந்து புரோகிராம் செத்தது என்பதுதான் அதில் தெரியும். அனுப்பியது யார் என்று தெரியாது. கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் ஸ்டாப் கொடுத்து 10 விநாடிக்குள் நிற்காத புரோகிராமுக்கும் 137 தான். பல மெஷின்களில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் லைவ்னெஸ் புரோப் (உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) தோற்று, 30 விநாடி அவகாசமும் முடிந்தால் அப்போதும் 137 தான்.

ஆகவே முதலில் ஹோஸ்ட்டின் (கண்டெய்னர் ஓடும் மெஷினின்) கெர்னல் லாகைப் பாருங்கள். “மெமரி சிக்ரூப் அவுட் ஆஃப் மெமரி” என்று இருந்தால் இடித்தது லிமிட் (சிக்ரூப் என்பது கண்டெய்னருக்கு லிமிட் போடும் லினக்ஸ் வசதி). வெறும் “அவுட் ஆஃப் மெமரி” என்றால் ஹோஸ்ட்டிலேயே ராம் தீர்ந்துவிட்டது. லிமிட்டை ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கண்டெய்னருக்குள் ஃப்ரீ கமாண்ட் அடித்துப் பார்ப்பதில் பயனில்லை, அது காட்டுவது ஹோஸ்ட்டின் ராமை. சிக்ரூப் வி2 என்றால் மெமரி.மேக்ஸ், மெமரி.கரண்ட் ஃபைல்களைப் படியுங்கள். கரண்ட் போய் மேக்ஸை ஒட்டி நிற்பதாலேயே பதற வேண்டாம். பேஜ் கேஷும் (ஃபைல்களின் மெமரி நகல்) அந்தக் கணக்கில்தான் வருகிறது, நெருக்கடி வந்தால் கெர்னல் அதைக் காலி செய்துகொள்ளும். விஷயம் மெமரி.ஸ்டாட்டில் இருக்கிறது. அங்கே அனான் (புரோகிராம் தனக்கென எடுத்த மெமரி) ஏறிக்கொண்டே போனால் புரோகிராமே தின்கிறது. ஃபைல் என்ற வரி பெரிதாக இருந்தால் ஷ்மெம் வரி எவ்வளவு என்று பாருங்கள்: டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (மெமரியிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டம்) எழுதியது ஃபைல் கணக்கிலேயே சேரும், ஆனால் ஸ்வாப் இல்லாத இடத்தில் அதைக் காலி செய்ய வழியில்லை. டெவ் எஸ்ஹெச்எம்மிலோ (/dev/shm), குபர்னெட்டிஸின் மெமரி வகை எம்ப்டிடிர்ரிலோ (தற்காலிக டைரக்டரி) தற்காலிக ஃபைல்களைக் கொட்டும் ஆப்களில் இது அடிக்கடி நடக்கும்.

மெமரி.ஈவென்ட்ஸில் ஊம்_கில் (மெமரி தீர்ந்ததால் கெர்னல் கொன்றவை) எண்ணிக்கையும் உண்டு. கண்டெய்னர் ரீஸ்டார்ட் ஆனால் புது சிக்ரூப், எண்ணிக்கையும் பூஜ்யத்திலிருந்து. குபர்னெட்டிஸில் பாட் (சேர்ந்து ஓடும் கண்டெய்னர்களின் தொகுப்பு) அளவிலான சிக்ரூப்பைப் பார்த்தால் பழைய கணக்கு அப்படியே இருக்கும்.

ஜாவாவுக்குத் தனிக் கவனம் வேண்டும். 1 ஜிபி லிமிட்டில் எக்ஸ்எம்எக்ஸும் (ஜாவா ஆப்ஜெக்ட்கள் இருக்கும் ஹீப்பின் உச்ச அளவு) 1 ஜிபி என்று வைத்தால் விழத்தான் செய்யும்: மெட்டாஸ்பேஸ், கோட் கேஷ், த்ரெட் ஒன்றுக்குச் சுமார் 1 எம்பி ஸ்டாக், டைரக்ட் பஃபர் எல்லாம் ஹீப்புக்கு வெளியே. மேக்ஸ்ராம்பெர்சன்டேஜை (மெமரியில் ஹீப்புக்கு எத்தனை சதவீதம்) 60-லிருந்து தொடங்கி, ஓட்டிப் பார்த்து ஏற்றலாம். ஒன்றும் கொடுக்காவிட்டால் அது 25. ஓஎஸ் அப்கிரேடு ஆன கையோடு ஜாவா கண்டெய்னர்கள் விழத் தொடங்கினால் ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இன்ஜின்) பதிப்பைப் பாருங்கள், புது ஓஎஸ் சிக்ரூப் வி2-க்கு மாறியிருக்கலாம். ஜாவா 8-இல் அப்டேட் 372-க்கும், 11-இல் 11.0.16-க்கும் முந்தைய ஓப்பன்ஜேடிகே சிக்ரூப் வி2-வைப் படிக்காது. லிமிட் தெரியாததால், 64 ஜிபி ஹோஸ்ட்டில் அதன் 25 சதவீதமான 16 ஜிபி வரை ஹீப்பை வளர்க்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும்.

யூனிட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டாக்கரில் 512எம் என்றால் மெகாபைட். குபர்னெட்டிஸில் சின்ன எம் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது கேட்டது அரை பைட்! அங்கே 512எம்ஐ என்று எழுத வேண்டும்.