மிங்கபா கிண்ணம்

மியான்மரின் பாகன் நகரை ஒட்டிய மிங்கபா கிராமத்து அரக்குப் பட்டறை. அங்கிருந்த அம்மாள் கிண்ணத்தின் விளிம்பை இரு பக்கமும் அழுத்தி ஒன்றோடொன்று தொடவைத்தார். விட்டதும் மறுபடி வட்டமாகிவிட்டது! மூங்கில் சிம்புகளில் குதிரைமுடியைப் பின்னிச் செய்ததாம். அதன்மேல் தித்சி மரத்தின் பாலைப் பூசி, நிலவறையில் உலர்த்தி, தேய்த்து, திரும்பப் பூசி... முடிக்க மாதக்கணக்கில் ஆகும். (நம் ஊர் அரக்கைத் தருவது ஒரு பூச்சியினம், இதைத் தருவது மரம்.) பேரம் பேச எனக்கு நாக்கு எழவில்லை. நான் பேரம் பேசவில்லை என்றதை வீட்டில் யாரும் நம்பவில்லை.

யாங்கோனில் போஜோ சந்தையின் ஜேட் வளையல்களும் ஆசை காட்டின. சாயம் ஏற்றிய கல்லையும் அசலையும் பிரித்தறியும் கண் எனக்கில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

கிண்ணத்தில் இப்போது அம்மாவின் கொட்டைப்பாக்கு இருக்கிறது.