லயத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து ஒட்டிய கதை

மலேசியத் தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லய வீடுகளை ஒரே படத்தில் அடக்க முடியாது. எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரிசையோ நீளம், வாசலுக்கு முன்னால் இருக்கிற இடமோ கொஞ்சம், பின்னால் நகர்ந்தால் கால்வாய், அதையும் தாண்டிப் போனால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் மட்டைகள் பாதி வீட்டை மறைத்துக்கொள்ளும். கைப்பேசியில் பனோரமா வைத்து இழுத்தால் தகரக் கூரை நடுவில் வளைந்து நிற்கிறது. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே அத்தை இன்னும் குடியிருக்கும் லயத்தை நான் எத்தனையோ விதமாக எடுத்திருக்கிறேன், எதைப் பார்த்தாலும் ஏதோ காலி கட்டடம் மாதிரி இருக்குமே தவிர, நாங்கள் ஓடி விளையாடிய இடம் என்று தோன்றாது.

வழி காட்டியது டேவிட் ஹாக்னி. இங்கிலாந்தின் பிராட்ஃபர்டில் 1937இல் பிறந்த ஓவியர். நீச்சல்குள ஓவியங்களால்தான் பலருக்கும் அவரைத் தெரியும், ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தவை 80களில் அவர் செய்த புகைப்பட ஒட்டுப்படங்கள். பாரிஸ் பொம்பிடு மையத்தில் அவருடைய புகைப்படங்களைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடு நடந்தபோது, படங்களைத் தேர்ந்தெடுக்க அவர் வீட்டுக்கு வந்தவர்கள், எடுத்தவுடன் படம் கையில் வரும் போலராய்டு ஃபிலிம் கட்டுகளை மிச்சம் விட்டுப் போனார்கள். 1982 பிப்ரவரியில் அந்த ஃபிலிமை எடுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டையே அறை அறையாக நடந்து எடுத்து, வெள்ளை ஓரத்தோடு கட்டம் கட்டமாக அடுக்கினார். அப்புறம் சாதாரண 35 மி.மீ. கேமராவுக்கு மாறி, கடையில் கழுவிய படங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்ட ஆரம்பித்தார். இவற்றுக்கு அவர் வைத்த பெயர் ஜாய்னர்.

அவர் சொன்ன குறை ரொம்ப எளிமையானது. கேமரா ஒற்றைக் கண்ணால், ஒரே இடத்தில் நின்று, ஒரு நொடியில் சிறு துளி நேரம் பார்க்கிறது. மனுஷன் அப்படியா பார்க்கிறான்? நம் கண் அலையும், ஒரு இடத்தில் தங்கும், திரும்பி வரும், பக்கத்தில் போய் உற்றுப் பார்க்கும். ஒரே பொருளைப் பல கோணங்களிலிருந்து ஒன்றாகக் காட்டும் பிக்காசோவின் கியூபிசம் ஓவியத்தில் செய்ததை ஹாக்னி புகைப்படத்தில் செய்தார்.

இதில் பெரிய வேலை 'பேர்ப்ளாசம் ஹைவே'. கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஒரு சாலைச் சந்திப்பு, 1986 ஏப்ரல் 11 முதல் 18 வரை எடுத்தது, 700க்கும் மேற்பட்ட படங்கள், இப்போது கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் பார்க்கும்போது ஒரே இடத்தில் நின்று எடுத்த மாதிரிதான் தெரியும். உண்மையில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் போய் எடுத்திருக்கிறார், 'ஸ்டாப்' பலகைக்கு ஏணி போட்டு ஏறியிருக்கிறார். அதனால்தான் அந்தப் படத்தில் கீழே கிடக்கும் காலி பீர் டின்னும் தள்ளி நிற்கும் மரமும் ஒரே மாதிரி நம்மை நெருங்கி வருகின்றன. இதைப் புரிந்துகொண்டதும் என் வேலை தெளிவாகிவிட்டது: தள்ளிப் போகக்கூடாது, கிட்டே போகவேண்டும்.

அப்படித்தான் எடுத்தேன். லயத்தின் ஒரு கோடியில் தொடங்கி ஒவ்வொரு வாசலாக நின்று, கூரை விளிம்பு, கதவு, திண்ணை, தரை என்று மேலிருந்து கீழே. கைப்பேசியில் செய்கிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஒன்று கறுப்பாக, ஒன்று வெளுப்பாக வரும். அகல லென்ஸைத் தொடவே தொடாதீர்கள், ஓரத்தை இழுத்துவிடும். ஸூமும் வேண்டாம், காலை நகர்த்துங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றே வரவேண்டும், ஒட்டும்போது அந்தத் தாராளம்தான் கைகொடுக்கும்.

அத்தை திண்ணையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். "ஒரே எடத்தையே எத்தன தடவ புடிப்ப, போதும் லா" என்றார். நான் விடவில்லை. ஹாக்னியின் 'ஸ்கிராபிள் கேம்' என்று ஒன்று உண்டு, 1983 புத்தாண்டு அன்று அம்மாவோடும் நண்பர்களோடும் விளையாடியது. அதில் ஒரே முகம் யோசிக்கிறது, சிரிக்கிறது, குனிகிறது, எல்லாம் ஒரே மேசையைச் சுற்றி. அதே மாதிரி அத்தையின் கையை மட்டும் விட்டு விட்டு எடுத்தேன். ஒட்டி முடித்தபின் பார்த்தால், இடப்பக்கப் படத்தில் முறத்தில் ஒரு பிடி நெத்திலி, அதை ஒட்டிய படத்தில் சின்னக் குவியல், வலப்பக்கத்தில் முறத்தின் விளிம்பு வரை. ஒரு படத்தில் இருக்கிற பூனை அடுத்ததில் இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பால் வெட்டி உளியின் பிடி பதிந்த இடம், வலது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், வேலையை விட்டு இத்தனை காலம் ஆகியும் தடித்து மஞ்சளாக நிற்பது ஒவ்வொரு படத்திலும் தெரிகிறது. முகத்துக்குக் கொடுத்ததைவிடக் கைக்கு அதிகப் படங்கள் கொடுத்துவிட்டேன். சரியென்றுதான் படுகிறது.

வெளிச்சமும் இப்படியே. முதல் வாசலில் காலை வெயில் சாய்ந்து உள்ளே விழுகிறது, கடைசி வாசலுக்கு வரும்போது நிழல் கூரையடியில் சுருங்கிவிட்டது. திருத்தலாம் என்று போட்டோ கடைக்காரர் சொன்னார், வேண்டாம் என்றேன். கடைக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இயந்திரம் தானாக நிறத்தைச் சரிசெய்யும் வசதியை நிறுத்திவிட்டு 4ஆர் (4×6 அங்குலம்) அளவில் அடிக்கச் சொல்லவேண்டும். இல்லையென்றால் ஒரே நீலக் கதவு பத்து நீலமாக வரும்.

ஒட்டுவது தரையில்தான், மின்விசிறியை நிறுத்திவிட்டு. நான் நடுவிலிருந்து, அதாவது அத்தையிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் விரித்தேன். எந்தப் படத்தையும் வெட்டவில்லை, மேலே ஏற்றினேன், கீழே சொருகினேன், அவ்வளவுதான். ஓரங்கள் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கி நிற்பது எனக்குப் பிடிக்கிறது. தண்ணீர்ப் பசை நம் ஊர் ஈரக் காற்றுக்கு ஆகாது, படம் சுருண்டுகொள்ளும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், கீழே ஃபோம் போர்டு, இது போதும். அம்மாவை இங்கிலாந்தின் போல்டன் அபி என்ற பழைய மடாலய இடிபாட்டில் உட்கார வைத்து எடுத்த ஒட்டுப்படத்தில் ஹாக்னி தன் ஷூ நுனியையும் கீழே சேர்த்திருப்பார், எதிரில் நின்று பார்த்தவன் மகன் என்பதற்கு அடையாளமாக. நானும் என் சிலிப்பரைச் சேர்த்தேன்.

நான் ரொம்ப யோசித்தது பூட்டிய வீடுகளைப் பற்றி. ரப்பர் போய் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது, டவுணில் மலிவு வீடு கிடைத்தவர்கள் போய்விட்டார்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் மக்கள் தெருவுக்கு வந்துவிடக்கூடாது என்று 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர்தான், அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தோம். இருந்தும் லயங்கள் காலியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஜாய்னரில் எதற்கு அதிகப் படம் கொடுக்கிறோமோ அது பெரிதாகிவிடும், எதை அவசரமாகத் தாண்டுகிறோமோ அது சிறுத்துவிடும். ஆள் இல்லை என்று அந்த வீடுகளைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. துருப்பிடித்த பூட்டு, கதவில் சுண்ணாம்பில் எழுதிய எண், மைலோ டின்னில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே தழைத்து நிற்கும் கற்பூரவள்ளி, எல்லாவற்றுக்கும் குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுத்த அளவுக்கே படங்கள் கொடுத்தேன்.

அத்தை பலகையைப் பார்த்துவிட்டு அந்தப் பூட்டிய கதவுகளைத்தான் ஒவ்வொன்றாகத் தொட்டு, இது யார் வீடு, அது யார் வீடு என்று பேர் சொல்லிக்கொண்டே போனார். தீபாவளிக்கு அவர்களில் பாதிப் பேர் கோவிலுக்கு வருவார்கள். அவரவர் பழைய வாசலில் நிற்க வைத்து எடுக்கப்போகிறேன். அதற்காக அந்த வீடுகளின் படங்களை மட்டும் பேருக்கு ஒரு துண்டு டேப்பில் நிறுத்தி வைத்திருக்கிறேன், பிரித்து நடுவில் சேர்க்க வசதியாக.