ஆறு எல்லை உள்ள வீடு

மட்டக்களப்பில் வீடு பெண்ணோடு போகும். மூத்தவளுக்குத் தாய் இருந்த வீடு, இளையவளுக்கு அதே வளவில் இன்னொன்று என்று தகப்பன்மார் கடன்பட்டுக் கட்டிக் கொடுத்ததையெல்லாம் உறுதிகளில் எழுதியே என் தலை நரைத்தது. நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவன் நான். இப்போது ஓய்வு. ஆனாலும் கடதாசிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். முன்பு வந்தவை கல்லடிக் காணியும் ஆரையம்பதி வளவும். இப்போது வருபவை பாதிக்குப் பாதி கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டுகள். சீதனப் பேச்சில் கிணறும் தென்னையும் போய், எத்தனையாவது மாடி என்பது வந்துவிட்டது.

காணி உறுதியில் எல்லை நான்கு. வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே வேலி, மேற்கே வீதி. தொடர்மாடி உறுதியை முதன்முறை வாசிப்பவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார், ஏனென்றால் அதில் எல்லை ஆறு. நான்கு திசையும் முடிந்த பிறகு, மேலே அடுத்த தளத்துக் கொங்கிறீட்டின் நடுப்பகுதி, கீழே நாம் மிதிக்கும் கொங்கிறீட்டின் நடுப்பகுதி என்று எழுதியிருக்கும். அவற்றுக்கு இடையில் உள்ளதுதான் உங்களுக்கே உங்களுக்கென்று சொந்தம். மொட்டைமாடி, படிக்கட்டு, லிப்ட், தண்ணீர்த் தொட்டி, அத்திவாரம், கட்டடம் நிற்கும் மண் எல்லாம் பொதுக் கூறுகள். அவற்றில் உங்களுக்குப் பிரிக்கப்படாத ஒரு பங்கு உண்டு. பிளாட்டை விற்றால் அந்தப் பங்கும் கூடவே போகும். அதை மட்டும் தனியாக விற்க முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கு இலங்கையில் அடிப்படை 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம். 1982இலும் 2003இலும் அதைத் திருத்தினார்கள். அதே 1973இல் 10ஆம் இலக்கச் சட்டத்தால் பொது வசதிகள் சபை என்று ஒன்றும் பிறந்தது. அதைத்தான் 2003ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை ஆக்கியது. கூட்டாதனம் என்பது இப்படித் தனிச் சொந்தமும் பொதுப் பங்கும் கலந்த உடைமை. கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவாகும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தக் கட்டடத்து உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஆகிவிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது தனி ஆள். வழக்குப் போடலாம், அதன்மேல் வழக்கும் போடலாம். மாதக் கட்டணத்தைப் பிரிப்பது ஒவ்வொரு பிளாட்டுக்கும் குறித்த பங்குப் பெறுமதியின்படி.

என் தங்கச்சியின் மகளுக்கு வாங்கியபோது மாப்பிள்ளை வீட்டார் பார்த்தது கடல் தெரிகிறதா என்பதை. தங்கச்சி பார்த்தது குளியலறைத் தரை ஓடுகளை. நான் வரைபடம் பதிவாகிவிட்டதா என்று கேட்டேன். கட்டடம் கட்டியவரின் ஆள், “எல்லாம் சரி ஐயா” என்றார். “சரி என்றால் பிரதியைத் தாருங்கள்” என்றேன். தந்தார். வரைபடம் முறைப்படி பதிவாகித்தான் இருந்தது. கட்டி முடியாத கட்டடங்களுக்கும், இனிமேல் கட்டப்போகிறவற்றுக்கும்கூட 2003 திருத்தம் தனித்தனியான பதிவு முறைகளைத் தந்திருக்கிறது. ஆகவே “பதிவு செய்துவிட்டோம்” என்று யாராவது சொன்னால், எந்தப் பதிவு என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. கூட்டுத்தாபனம் காகிதத்தில் பிறந்துவிட்டது, கூட்டம் என்று ஒன்று ஒழுங்காக நடக்கவேயில்லை. மாதக் கட்டணத்தைக் கட்டடம் கட்டியவரே வசூலித்துக்கொண்டிருந்தார். கணக்கு எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டுமே! ஒருவர் லண்டனில், ஒருவர் யாழ்ப்பாணத்தில், இருவர் கனடாவின் ஸ்காபரோவில், எங்கள் பிள்ளை மட்டக்களப்பில். குடியிருந்தவர்களில் பலர் வாடகைக்காரர். லிப்ட் நின்றபோதுதான் விழிப்பு வந்தது. மேல்மாடியில் இருந்த ஒரு வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். திருத்தக் காசு எங்கே என்றால், நிதியில் இல்லை என்று பதில்.

அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். உறுதிப் பிரதி, வரைபடப் பிரதி, கட்டணப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் இணைத்து, கோபம் ஒரு வரியிலும் இல்லாமல் எழுதினேன். இருதரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அங்கே இருந்த உத்தியோகத்தர் பொறுமைசாலி. எங்களிடம் முதலில் கேட்டது, “நீங்கள் கூட்டம் கூட்டினீர்களா?” என்பதுதான். சுருக்கென்றது, ஆனால் நியாயமான கேள்வி. பிறகு கூட்டம் நடந்தது, நிர்வாகக் குழு வந்தது, லிப்ட்டும் ஓடுகிறது. பழைய கணக்கு இன்னும் இழுபறியில் கிடக்கிறது. அது முழுதாகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பி இதைக் கேட்டுச் சிரித்தான். அவன் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வாங்க முன்னரே கூட்டுத்தாபனத்திடம் நிலைச் சான்றிதழ் ஒன்று கேட்கலாமாம். கட்டணம் 100 டொலருக்கு மேல் போகக்கூடாது, 10 நாட்களுக்குள் தந்தாக வேண்டும். சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, வழக்கு ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில் வரும். கூரையும் குழாயும் எப்போது மாற்ற வேண்டும், அதற்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆய்வும் உண்டு. 2017 நவம்பரில் தொடங்கிய தீர்ப்பாயம் ஒன்று சில வகைப் பிணக்குகளை இணையத்திலேயே கேட்கிறது. கடைசிக் கட்டம் வரை போனாலும் 25, 50, 125 என்று மொத்தம் 200 டொலர்தான். அவனுடைய மகள் கூட்டுறவு வீடமைப்பில் குடியிருந்தாள். அங்கே வீடு எவருக்கும் சொந்தமில்லை. அங்கத்தவராக இருந்து மாதக் கட்டணம் கட்டி வாழலாம், வாக்களிக்கலாம், விட்டுப்போகும்போது விற்க ஒன்றும் இராது. “அப்படியென்றால் சீதனமாகக் கொடுக்க ஏலாதே!” என்றாள் என் தங்கச்சி, உண்மையான கவலையோடு.

இங்கே பிளாட் வாங்க நினைத்தால், சிரித்த தம்பிக்கும் ஒரு சட்டம் காத்திருந்தது. வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுத்த 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, அவர்களுக்கு விட்டுவைத்தது நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள பிளாட்டுகளை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. அவன் எடுக்கவில்லை. பிறகு திருத்தங்களும் வந்திருப்பதால், விலை பேச முன்னர் கொழும்பில் ஒரு சட்டத்தரணியைப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.

அங்கே சட்டம் நல்லது, இங்கே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் சட்டத்திலும் வேண்டியது பெரும்பாலும் இருக்கிறது. வேலியை ஒரு சாண் அரக்கினால் நீதிமன்றப் படியேறும் ஊர் இது. அதே ஆட்கள் கொழும்பில் பாதிக் கட்டடத்தின் கணக்கை எவனோ வைத்திருக்க விட்டுவிட்டு, “வாடகைக்குத்தானே கொடுத்திருக்கிறோம், கூட்டம் எதற்கு?” என்கிறார்கள். கூட்டத்துக்கு எவரும் வராத கட்டடத்தில் அதிகாரசபை மாடி ஏறி வந்து கதவு தட்டாது.

அதனால் இப்போதெல்லாம் பிளாட் உறுதியைப் பார்த்துத் தரச் சொல்லி வருகிறவர்களிடம், கூட்டத்தில் அவர்களுக்காக வாக்களிக்கும் பதிலாள் பத்திரம் ஒன்றையும் எழுதிக் கொடுக்கிறேன். யாருடைய பெயரைப் போடுவது என்று கேட்கிறார்கள். அந்தக் கட்டடத்திலேயே குடியிருக்கும் ஓர் உரிமையாளருடைய பெயரை என்கிறேன். அப்படி ஒருவரையும் தெரியாது என்கிறார்கள். அடுத்த தடவை கொழும்புக்குப் போகும்போது பக்கத்துக் கதவைத் தட்டிப் பெயரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டே கொடுத்தனுப்புகிறேன்.